தலையில் அடிபட்டவர் வீடு திரும்பிய பிறகு

இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, பிரக்ஞையற்ற நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்ட ஒருவர், மண்டையைத் திறந்து செய்த அறுவை சிகிச்சையையும் தீவிர சிகிச்சைப் பிரிவையும் கடந்து, ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால், பார்க்க வருகிற உற்றார் உறவினரெல்லாம், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்வதுதான். ஆனால், சற்றுமுன் குடித்த காபியை மறந்து மறுபடியும் காபி கேட்பவரும், இப்போதுதானே குடித்தீர்கள் என்று சொன்னால் ஒருநாளும் இல்லாத வழக்கமாகக் கையை ஓங்குகிறவருமான அந்த மனிதரோடு இரவும் பகலும் இருக்கப்போகிற மனைவிக்குத்தான், வந்தது தலையைவிட்டு இன்னும் போகவில்லை என்பது தெரியும்.

மூளை, மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கும் மிருதுவான உறுப்பு. வேகமாகப் போகும் உடல் திடீரென்று தடைபட்டு நிற்கும்போது, மூளை தன் வேகம் அடங்காமல் மண்டையின் உட்புறத்தில் மோதிக் கன்றிப்போவதோடு, அதன் பாகங்களை இணைக்கும் நுண்ணிய நரம்பிழைகளும் இழுபட்டுச் சிதைகின்றன. கோபத்தை அடக்குவதும், ஒரு காரியத்தை யோசித்து வரிசையாகச் செய்துமுடிப்பதும் பெரும்பாலும் நெற்றிக்குப் பின்னாலுள்ள பாகத்தின் பொறுப்பு. அடிக்கடி சேதமடைவதும் அந்தப் பாகமே. ஆகையினால்தான், கைகால்கள் செவ்வனே இயங்கி, பேச்சும் தெளிவாக இருந்தும், சுபாவமே மாறிப்போன ஒருவரைக் குடும்பம் திரும்பப் பெறுகிறது. எலும்பு கூடுவதற்கு இத்தனை வாரம் என்று மருத்துவர் கெடு சொல்லலாம்; மூளைக்கு அப்படிச் சொல்ல இயலாது. முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் துரிதமாகவும், பிறகு வருஷக்கணக்கில் நிதானமாகவும் நடந்துகொண்டிருக்கும்.

1950ஆம் ஆண்டில் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கிவைத்த காலத்திலிருந்து, தலைக்காயம் பட்டவரின் உயிரை மீட்பதில் தமிழ்நாடு வெகுதூரம் வந்திருக்கிறது. 2021 டிசம்பரில் ஏற்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, மாநில எல்லைக்குள் சாலை விபத்துக்கு ஆளானவர் எந்த ஊராராயினும், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனையில்கூட, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பொறுப்பேற்கிறது. அதற்கு மேற்பட்ட செலவுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஜீவனைக் காப்பதற்கு இவ்வளவு செய்கிற நாம், காத்த ஜீவனை வாழவைப்பதற்குச் செய்வது சொற்பம் என்பது என் திடமான அபிப்பிராயம். டிஸ்சார்ஜ் என்ற ஒரு வார்த்தையோடு அதுவரை கூடவந்த கைகளெல்லாம் விலகிக்கொள்கின்றன. சொந்தப் பணத்தில் மெடிக்கிளெயிம் எடுத்திருப்பவர்களுக்கும், படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குப் பணம் வருமேயல்லாமல், பிறகு மாதக்கணக்கில் நடந்துபோய்ப் பெறவேண்டிய பயிற்சிகளுக்குப் பெரும்பாலும் வருவதில்லை.

ஆகவே, வீட்டுக்கு அனுப்பும் தேதி குறிக்கப்படும்போதே, இனி மறுவாழ்வுச் சிகிச்சைக்கு எங்கே போகவேண்டும் என்று கேட்டு, அதை டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதி வாங்கிக்கொள்வது அத்தியாவசியம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மேரி வர்கீஸ் மறுவாழ்வு நிலையம் இந்தத் துறையில் நாட்டுக்கே முன்னோடி. 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோன இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, பின்பு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி வந்தவர். 1966இல் திறக்கப்பட்ட அந்த நிலையம் அவருடைய பிரயத்தனத்தின் பலன். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸில் நரம்பியல் மறுவாழ்வுக்கென்றே ஒரு துறை நடைபெறுகிறது. அவ்வளவு தூரம் போக இயலாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், பிசியோதெரபி செய்பவர் வீடு தேடி வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவைத்தால் போதும்.

இவ்விடங்களில் நடப்பது கைகால் பயிற்சி மட்டுமன்று. ஒருவருக்குத் தேநீர் போடும் வேலை கொடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுப்பைப் பற்றவைத்து, பாத்திரத்தை ஏற்றியவர், தண்ணீர் ஊற்ற மறந்து நிற்கிறார். பக்கத்திலிருக்கும் சிகிச்சையாளர் சட்டென்று எடுத்துக்கொடுத்துவிடுவதில்லை. சுவரில் ஒட்டியுள்ள சீட்டைக் கண்ணால் காட்டுகிறார். முதலில் தண்ணீர், பிறகு தூள், பிறகு பால், கடைசியில் அடுப்பை அணைப்பது என்று அதில் எழுதியிருப்பதை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்து, அவர் தேநீரை முடிக்கிறார். உடன் இருக்கும் மனைவியோ தாயாரோ பொறுமையாகக் காத்திருக்கவும் அங்கேயே கற்றுக்கொள்கிறார்கள். அதே மாதிரி ஒரு சீட்டு வீட்டுச் சமையலறையிலும் ஒட்டப்படும்போதுதான் சிகிச்சை வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்று அர்த்தம்.

பணத்தைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். பிறர் வாகனத்தால் நேர்ந்த விபத்தாயின், குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய பெரிய தொகை மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் வழங்கும் நஷ்டஈடுதான். அதற்கு வேண்டிய ஆதாரங்கள் முதல் நாளிலிருந்தே சேர்கின்றன, அல்லது சிதறிப்போகின்றன. மருத்துவமனையில் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல், எஃப்.ஐ.ஆர்., ஸ்கேன் படங்கள், மருந்துக்கடைப் பில்கள் ஆகிய யாவும் ஒரே உறையில் இருக்கவேண்டும். இப்போது அச்சாகிவரும் பில்களின் எழுத்து சில மாதங்களில் மங்கி வெறுங்காகிதமாகிவிடுவதால், வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுவது நல்லது. ஆளை வைத்துப் பார்த்துக்கொண்டால் அவருக்குக் கொடுத்த சம்பளத்துக்கும், மனைவி வேலையை விட்டிருந்தால் அதற்கும் எழுத்துச் சான்று வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, ஞாபகசக்தி, கவனம், சுபாவம் ஆகியவற்றில் ஏற்பட்ட சேதத்தை மனோதத்துவ நிபுணர் முறைப்படி சோதித்து எழுதிக்கொடுக்கும் அறிக்கை வேண்டும்; அது இல்லாவிட்டால், நடந்துவந்து நாற்காலியில் உட்காருகிறவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று எதிர்த்தரப்பார் வாதிப்பது எளிது.

மருத்துவர் போடும் ஊனத்தின் சதவிகிதம் வேறு, பிழைப்பில் ஏற்படும் நஷ்டத்தின் சதவிகிதம் வேறு என்று 2010இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது: இடது கையை இழந்தவர் தச்சராகவோ டிரைவராகவோ இருந்தால், அவருடைய சம்பாத்தியத் திறன் அநேகமாக முழுவதும் போனதாகவே கொள்ளலாம். அந்த நியாயம் மூளைக்கும் பொருந்தும். 2020 பிப்ரவரியில், தலைக்காயத்தால் ஒன்பது மாதக் குழந்தையின் நிலைக்குத் திரும்பிவிட்ட ஒரு சிறுமியின் வழக்கில், இரண்டு பராமரிப்பாளர்களுக்கு ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் கணக்கிட்டு, அந்த வருஷத் தொகையை 18ஆல் பெருக்கி, அதற்கு மட்டுமே 21,60,000 ரூபாய் வழங்கியது அதே நீதிமன்றம். பார்த்துக்கொள்கிறவரின் உழைப்புக்கு விலையுண்டு என்பதை இவ்வளவு பட்டவர்த்தனமாகச் சொன்ன தீர்ப்பை ஒவ்வொரு குடும்பமும் தன் வக்கீலிடம் நினைவூட்டவேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மனுவுக்கு ஆறு மாதக் கெடு வைத்திருப்பதால், நோயாளி தேறட்டும் என்று காத்திராமல் தாக்கல் செய்துவிடுவதே உசிதம். மாற்றுத்திறனாளிக்கு வருமானத்தைக் கேளாமலேயே இலவச வக்கீலைத் தர மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கடமைப்பட்டது. கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பது வக்கீலுக்கு அனுமதிக்கப்பட்டதன்று.

தன் சொந்த வண்டியில் தானே சறுக்கி விழுந்தவருக்கு இந்த வழி இல்லை. எனினும், உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்து, நிரந்தரமான முழு ஊனமும் ஏற்பட்டிருந்தால், அதைக் கோரலாம். இ.எஸ்.ஐ. சந்தாதாரராகிய தொழிலாளி வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ அடிபட்டால், 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது வேலையிடத்து விபத்தாகவே கருதப்படக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

இனி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பெயர் சொல்லி எண்ணுகிறது. அவற்றில் விபத்தால் நேர்ந்த மூளைக்காயம் என்று தனியே ஒன்று இல்லை. கைகால் முடக்கம், பேச்சுக் குறை, மனநோய் என்று ஏதாவதொரு வாசல் வழியாகத்தான் தலைக்காயம் பட்டவர் உள்ளே போகவேண்டியிருக்கிறது. அரசுச் சலுகைகளில் பெரும்பாலானவை 40 சதவிகிதத்திலிருந்து தொடங்குவதால், கையின் பலவீனத்துக்கு மட்டும் சதவிகிதம் போட்டு அனுப்பிவிடாதபடி, மருத்துவக் குழுவின் முன் மனநல மருத்துவரின் அறிக்கையையும் சேர்த்து வைக்கவேண்டும். சட்டத்தின் பட்டியலில் மூளைக்காயத்தை அதன் சொந்தப் பெயரிலேயே சேர்ப்பதற்கு இனியும் தாமதம் கூடாது.

இன்னொரு சங்கடம் வங்கியில் காத்திருக்கிறது. கணவர் சுயநினைவின்றிக் கிடக்க, அவர் பெயரிலுள்ள சேமிப்பையோ வீட்டையோ அவருடைய சிகிச்சைக்கே பயன்படுத்த மனைவிக்கு அதிகாரமில்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறை, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டுமே காப்பாளரை நியமிக்கிறது. 2024இல் இப்படிப்பட்ட ஒரு மனைவி சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகியபோது, சிவில் கோர்ட்டுக்குப் போகும்படி தனி நீதிபதி சொல்லிவிட்டார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அதை மாற்றி, அவரையே காப்பாளராக நியமித்து, கணவரின் சொத்தை விற்க அனுமதி தந்து, ஒரு பகுதியைக் கணவர் பெயரில் வைப்புநிதியாக இடும்படி உத்தரவிட்டார்கள். இதற்கென ஒரு சட்டம் வரும்வரை, அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவின்கீழ் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடுவதே இப்படிப்பட்ட மனைவிமாருக்குத் திறந்திருக்கும் வழி.