நடுவில் ஒரு கம்பி

வீட்டு மின்சாரம் – 11

மூன்று ஃபேஸ் இணைப்புள்ள ஒரு வீடு. ஹாலில் ஒரு பிளக் பாயின்ட், பக்கத்துப் படுக்கையறையில் இன்னொன்று. டெஸ்டரை வைத்தால் இரண்டிலும் விளக்கு எரிகிறது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மீட்டரைப் பிடித்தால் இரண்டிலும் 230 வோல்ட். மீட்டரின் ஒரு முனையை ஹாலின் ஃபேஸிலும் மறுமுனையைப் படுக்கையறையின் ஃபேஸிலும் வைத்தால் என்ன காட்டும்? இரண்டு அறைகளும் ஒரே ஃபேஸில் இருந்தால் பூஜ்யம். வேறு வேறு ஃபேஸில் இருந்தால் 400. எலக்ட்ரீஷியன்களுக்கு இது பழகிய கணக்கு. மற்றவர்கள் தயவுசெய்து செய்துபார்க்க வேண்டாம்.

230-ம் 230-ம் சேர்ந்தால் 460 ஆக வேண்டாமா? அமெரிக்காவில் தனி வீட்டு மெயின் போர்டில் 120-ம் 120-ம் சேர்ந்து சரியாக 240 ஆகிறதே! அதே அமெரிக்காவில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் போய் அளந்தால், அதே 120-ம் 120-ம் பெரும்பாலும் 208 என்று காட்டும். இந்த மூன்று விடைகளும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்கின்றன என்பதுதான் இந்த வாரம்.

ஒன்றை முதலில் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வோல்டேஜ் என்பது இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள வேறுபாடு. "இந்த ஒயர்ல 230 வருது" என்று சொல்லும்போது, நியூட்ரலை ஆதாரப் புள்ளியாக வைத்துச் சொல்கிறோம். ஆதாரப் புள்ளியை மாற்றினால் எண்ணும் மாறும். ஒரு ஊரின் மின்சார அமைப்பைப் புரிந்துகொள்ள, அங்கே நியூட்ரலை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

அமெரிக்க ஏற்பாட்டின் வேர் எடிசனிடம் இருக்கிறது. 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெருவில் அவர் தொடங்கிய மின்நிலையம் டிசி மின்சாரம் கொடுத்தது. ஏறக்குறைய 110 வோல்ட். அன்றைய கார்பன் இழை விளக்குக்குத் தோதான அளவு அது. ஆனால் வோல்டேஜ் குறைவு என்றால், அதே வெளிச்சத்துக்கு ஆம்பியர் அதிகம் ஓட வேண்டும். ஆம்பியர் அதிகம் என்றால் கம்பி தடிமனாக வேண்டும். தெருவுக்கு அடியில் புதைத்த செம்புக்கே பணம் கரைந்தது. வோல்டேஜை இரு மடங்காக்கினால் கால் பங்கு செம்பு போதும். ஆனால் 110 வோல்ட் விளக்கு 220-இல் கருகிவிடும்.

வந்த வழி அழகானது. இரண்டு டைனமோக்களைத் தொடராக இணைத்தார்கள். வெளிக் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே 220. டைனமோக்கள் சேருமிடத்திலிருந்து மூன்றாவதாக ஒரு கம்பியை இழுத்தார்கள். பாதி வீடுகளின் விளக்குகள் மேல் கம்பிக்கும் நடுக்கம்பிக்கும் இடையே, மீதிப் பாதி நடுக்கம்பிக்கும் கீழ்க் கம்பிக்கும் இடையே. விளக்குக்குக் கிடைப்பது 110 தான். தெருவில் ஓடுவதோ 220-இன் சிக்கனத்தோடு. இரு பக்கமும் சமமாக எரிந்தால் நடுக்கம்பியில் எதுவும் ஓடாது. ஒரு பக்கம் 40 ஆம்பியர், மறுபக்கம் 30 என்றால் மிச்சமுள்ள 10 மட்டும் அதன் வழியே திரும்பும். மூன்று கம்பிகளையும் ஒரே தடிமனில் போட்டால்கூட, பழைய இரண்டு கம்பி முறைக்குத் தேவைப்பட்ட செம்பில் எட்டில் மூன்று பங்கே போதும். 1883 ஜூலை 4 அன்று பென்சில்வேனியாவின் சன்பரி என்ற சிற்றூரில் இந்த முறை ஓடத் தொடங்கியது. இங்கிலாந்தில் ஜான் ஹாப்கின்சனும் தனியாக இதே வழியைக் கண்டிருந்தார்.

டிசி போய் ஏசி வந்த பிறகும் அமெரிக்க வீடுகள் அந்த மூன்று கம்பியை விடவில்லை. அங்கே தெருக் கம்பத்தில் உருளை மாதிரி ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதற்குள் வருவது ஒரே ஒரு ஃபேஸ், பல இடங்களில் 7,200 வோல்ட். வெளிப்பக்கச் சுருள் 240 வோல்ட்டுக்கானது. அந்தச் சுருளின் சரிபாதியில் ஒரு கம்பியை எடுத்து எர்த் செய்து, அதையே நியூட்ரல் ஆக்கியிருக்கிறார்கள். ஆக வீட்டுக்குள் வருவது இன்சுலேஷன் போட்ட கம்பிகள் இரண்டு, நியூட்ரல் ஒன்று. விளக்கு, மின்விசிறி, சாதாரண பிளக் எல்லாம் ஒரு கம்பிக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120-இல். துணி உலர்த்தி, மின் அடுப்பு, ஏசி, வாட்டர் ஹீட்டர் போன்றவை இரண்டு கம்பிகளுக்கும் நடுவே 240-இல். இதுதான் ஸ்ப்ளிட் ஃபேஸ்.

அப்படியென்றால் அது இரண்டு ஃபேஸா? இல்லை. ஒரே சுருளின் இரண்டு முனைகள்தான் அவை. நடுவில் நின்று பார்ப்பவருக்கு ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவதாகத் தெரியும், அவ்வளவே. உண்மையான இரண்டு ஃபேஸ் மின்சாரம் வேறு. அதில் ஓர் அலை மற்றதைவிடக் கால் சுற்று பிந்தி வரும். 1895-இல் நயாகரா மின்நிலையம் தொடங்கியது அந்த வகையில்தான். இன்று அது ஏறக்குறைய மறைந்துவிட்டது.

அமெரிக்காவில் குடியேறும் பிள்ளைகளுக்கு இங்கிருந்து மிக்ஸியும் கிரைண்டரும் எடுத்துப் போகிறவர்களுக்கு இந்த 240 ஒரு சபலம். "அங்கேயும்தான் 240 இருக்கே, நம்ம மிக்ஸியை அதில் போட்டால் என்ன?" என்கிறார்கள். மிக்ஸியின் மோட்டாருக்கு அங்குள்ள 60 ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டல்ல என்பது உண்மை. கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் அது. சிக்கல் சுவிட்சில் இருக்கிறது. நம் மிக்ஸியின் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும், மற்றது நியூட்ரல் என்ற நம்பிக்கையில். அங்கே மற்றதும் நிலத்தைப் பொறுத்து 120 வோல்ட் உள்ள உயிர்க்கம்பி. சுவிட்சை அணைத்த பிறகும் மிக்ஸியின் உள்ளே மின்சாரம் நிற்கும். பிளக்கை வெட்டி ஒட்டும் வேலை வேண்டாம். 110 வோல்ட் மிக்ஸி இங்கேயே விற்கிறது. அதை வாங்கிக் கொடுத்தனுப்புங்கள்.

கிரைண்டர் இன்னும் மோசம். அதில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதன் வேகத்தை ஹெர்ட்ஸ்தான் தீர்மானிக்கிறது. 50-க்குச் செய்ததை 60-இல் ஓட்டினால் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடும், அதே வோல்டேஜில் இழுவை குறையும். ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் இது தீராது, ஏனென்றால் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. கெட்டியான உளுந்து மாவைப் போட்டால் முதலில் திணறுவது அந்த மோட்டார்தான்.

இப்போது நம் பக்கம் வருவோம். மின்நிலைய ஜெனரேட்டரில் மூன்று சுருள்களை வட்டத்தில் சம இடைவெளி விட்டு, அதாவது மூன்றில் ஒரு சுற்றுக்கு ஒன்றாக, அமைத்திருக்கிறார்கள். 50 ஹெர்ட்ஸில் ஓர் அலைக்கு 20 மில்லி செகண்ட். மூன்று ஃபேஸுக்கும் ஆர், ஒய், பி என்று பெயர். ஆர் உச்சிக்குப் போய் 6.67 மில்லி செகண்ட் கழித்து ஒய் உச்சிக்குப் போகும்; இன்னொரு 6.67 கழித்து பி. ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்ற இரண்டும் எதிர்ப்பக்கத்தில் பாதி ஆழத்தில் நிற்கும். நேர் எதிரே எதுவும் நிற்பதில்லை. அதனால்தான் இரண்டு ஃபேஸுக்கு இடையிலான வேறுபாடு இரு மடங்கை எட்டுவதில்லை.

ஒரு தாளும் ஸ்கேலும் எடுத்தால் கண்ணால் பார்த்துவிடலாம். நடுவில் ஒரு புள்ளி வையுங்கள், அது நியூட்ரல். அதிலிருந்து 23 மில்லிமீட்டர் நீளத்தில் மூன்று கோடுகள், ஒன்றுக்கொன்று 120 டிகிரி விலக்கி வரையுங்கள். கோடுகளின் முனைக்கு முனை அளந்தால் 40-க்கு ஒரு மயிரிழை குறைவாக வரும். 230-ஐ 1.732-ஆல் பெருக்கினால் வரும் 398 அதுதான். பழைய கணக்கில் 240-ம் 415-ம் என்று எழுதியதும் இதே விகிதம். பக்கத்திலேயே 12 மில்லிமீட்டரில் இரண்டு கோடுகளை நேர் எதிர் எதிராக வரைந்தால் முனைக்கு முனை 24. அது அமெரிக்கத் தனி வீடு. அதே 12 மில்லிமீட்டர் கோடுகளை 120 டிகிரியில் வரைந்தால் 20.8. அங்கே பெரிய அடுக்குமாடிகளுக்கு மூன்று ஃபேஸ் வரும். ஒவ்வொரு குடியிருப்புக்கும் அதில் இரண்டு ஃபேஸும் நியூட்ரலும் பிரித்துக் கொடுப்பார்கள். 208 அங்கிருந்து வருகிறது.

அதன் விளைவு அடுக்களையில் தெரியும். 240 வோல்ட்டில் 2,400 வாட் தரும் மின் அடுப்புச் சுருள், 208-இல் 1,800 வாட் அளவுக்குத்தான் தரும். கால் பங்கு சூடு போய்விடும். தனி வீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு மாறியவர் தோசைக்கல் காயவே நேரமாகிறது என்று சொன்னால், அடுப்பை மாற்றும் முன் அது 208-க்கானதா 240-க்கானதா என்று அதன் தகட்டில் பார்ப்பது நல்லது.

மூன்று ஃபேஸின் பெருமை மோட்டாரில்தான் முழுதாக வெளிப்படும். ஒற்றை ஃபேஸில் கிடைக்கும் சக்தி விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. மூன்று ஃபேஸில் ஒன்று தளரும் நொடியில் மற்றவை ஈடு செய்கின்றன. ஒரே உரலில் மூன்று பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதுபோல இடைவெளி விழுவதே இல்லை. கூட்டிப் பார்த்தால் சக்தி சீராக, நேர்கோடாக நிற்கும். அதோடு ஆர், ஒய், பி என்ற வரிசையே ஒரு திசையைத் தருகிறது. மூன்று சுருள்களின் காந்தப்புலம் தானாகவே சுழலும். மோட்டார் அதைத் துரத்திக்கொண்டு ஓடும். ஸ்ப்ளிட் ஃபேஸில் இந்தத் திசை கிடையாது. முன்னும் பின்னும் ஆடுவது மட்டுமே உண்டு. சிங்கிள் ஃபேஸ் மோட்டார்களில் ஸ்டார்ட்டிங் சுருளும் கன்டென்சரும் தேவைப்படுவது இதனால்தான்.

கிணற்று மோட்டார் வைத்திருக்கும் விவசாயிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லைனில் வேலை பார்த்துவிட்டுப் போன மறுநாள் மோட்டார் ஓடும், தண்ணீர் மட்டும் ஒழுங்காக வராது. இரண்டு ஃபேஸ் இடம் மாறி வரிசை தலைகீழாகிவிட்டது என்று உடனே கண்டுபிடிப்பார். ஸ்டார்ட்டரில் ஏதாவது இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். ஒரு ஃபேஸ் போய்விட்டால் நிற்கும் மோட்டார் கிளம்பாமல் உறுமும். கவனிக்காவிட்டால் காயில் கருகும். மும்முனை மின்சாரம் சில மணி நேரமே வரும் ஊர்களில், மிச்ச நேரத்துக்குக் கன்டென்சர் போட்டு இரண்டு ஃபேஸில் ஓட்டுகிறார்கள். பயிர் வாடும்போது வேறு வழி இல்லை என்பது புரிகிறது. ஆனாலும் அது மோட்டாரின் ஆயுளைத் தின்று ஓடும் ஓட்டம். காயில் கட்டும் செலவு கடைசியில் அந்த விவசாயியின் தலையில்தான் விழுகிறது.

இந்த மூன்று ஃபேஸ் உலகத்தை வென்ற ஆண்டு என்று 1891-ஐச் சொல்லலாம். ஜெர்மனியில் நெக்கார் ஆற்றங்கரை லாஃபெனில் உற்பத்தி செய்த மின்சாரத்தை 175 கிலோமீட்டர் தள்ளி ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்குக் கொண்டுவந்து, விளக்குகளை எரியவிட்டு, செயற்கை அருவிக்குத் தண்ணீர் இறைத்தார்கள். அதன் மூளைகளில் ஒருவர் மிகைல் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி, மூன்று ஃபேஸ் மோட்டாரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ரஷ்யப் பொறியாளர். டெஸ்லாவின் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் தெரியாமல் போனது எனக்கு வருத்தம். இன்று அமெரிக்காவிலும் மின்நிலையத்திலிருந்து தெரு வரை ஓடுவது மூன்று ஃபேஸ்தான். வீட்டு வாசலில்தான் அவர்கள் எடிசனிடம் திரும்புகிறார்கள்.

நம் தெரு டிரான்ஸ்ஃபார்மரின் தகட்டில் 11,000 / 433 என்று பொறித்திருக்கும். 433-ஐ 1.732-ஆல் வகுத்தால் 250. கம்பியில் வழியில் விழப்போகும் வோல்டேஜை முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிய வீட்டில் 240-க்கு மேலும், கடைசி வீட்டில் 210-ம் காட்டுவதற்குக் காரணம் இதுவே. அமெரிக்காவில் சில வீடுகளுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டியிருக்கிறது, 120 வோல்ட் அதிக தூரம் தாங்காது. இங்கே ஒரு 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் தெருத் தெருவாகக் கொடுக்கும்.

அத்தனை வீடுகளும் நம்பியிருப்பது அந்த நடுக்கம்பியை. அது அறுந்தால் என்ன ஆகும்? ஆர் ஃபேஸ் வீட்டில் 2,000 வாட் கீசர் ஓடுகிறது. ஒய் ஃபேஸ் வீட்டில் டிவியும் விளக்குமாக 200 வாட். நியூட்ரல் இருக்கும்வரை இருவருக்கும் 230. நியூட்ரல் போன கணத்தில் இரண்டு வீடுகளும் 400 வோல்ட்டின் குறுக்கே தொடராக மாட்டிக்கொள்கின்றன. கீசரின் மின்தடை பத்தில் ஒரு பங்கு. அதன்மேல் விழுவது சுமார் 36 வோல்ட். டிவி வீட்டுக்கு சுமார் 364. ஃபேஸ் எதுவும் கூடவில்லை, கம்பத்தில் எந்தத் தவறான வோல்டேஜும் இல்லை. அளப்பதற்கான ஆதாரப் புள்ளி நகர்ந்துவிட்டது. அமெரிக்க வீட்டில் நியூட்ரல் கழன்றாலும் இதே கதை, 120 வோல்ட் பொருள் ஒன்று 240 வரைக்கும் போய் எரியும்.

அதனால் இரண்டு விஷயங்கள். ஒரு பக்கம் விளக்குகள் வழக்கத்துக்கு மீறிப் பிரகாசமாகவும் இன்னொரு பக்கம் மங்கலாகவும் எரிந்தால், காரணம் தேடாமல் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் நியூட்ரலிலும் ஒரு ஃபியூஸ் கேரியர் இருக்கும்; எலக்ட்ரீஷியனை வரவழைத்து அதை எடுத்துவிட்டு நேரடி லிங்க் போடச் சொல்லுங்கள். அந்த ஃபியூஸ் போனால் வீட்டில் எதுவும் ஓடாது, ஆனால் ஃபேஸ் ஒவ்வொரு பிளக்கிலும் காத்திருக்கும். மூன்று ஃபேஸ் வீட்டில் அது போனால், மேலே சொன்ன 364 வோல்ட் கணக்கு உங்கள் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவிலேயே நடக்கும்.

நியூட்ரலையும் எர்த்தையும் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றாகக் கட்டிவிட்டு, வீட்டுக்குள் மட்டும் ஏன் பிடிவாதமாகப் பிரித்து வைக்கிறார்கள்? அது அடுத்த வாரம்.

(தொடரும்)