இடைவெளியும் ஓர் எழுத்தே

கணினியில் தமிழைத் தட்டச்சு செய்துவிட்டால் அது பத்திரமாக இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். எழுத்துகள் இருக்கும். ஆனால், அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி இருக்குமா?

கேமரன் மலையில் கம்போங் ராஜா என் ஊர். அங்கே தேயிலைக் கொழுந்து பறித்த பாட்டிமார்கள் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் விடுமுறைகளில் எழுதி வருகிறேன். அவற்றை எக்ஸ்எம்எல் கோப்புகளாகச் சேமிக்கிறேன். 1998 பிப்ரவரியில் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரைத்த இம்முறையில், பனுவலின் ஒவ்வொரு பகுதிக்கும் நாமே பெயரிடலாம். அப்பெயர் தமிழிலும் இருக்கலாம். பிறகு, 1999இல் வெளிவந்த எக்ஸ்எஸ்எல்டி மொழியைக் கொண்டு ஒரே கோப்பை இணையப் பக்கமாகவோ அச்சுப் பிரதியாகவோ உருமாற்றலாம்.

சிக்கல் இந்த உருமாற்றத்தில்தான் எழுகிறது. கீழ்க்காணும் வரியைப் பாருங்கள்:

<அடி><சீர்>ஆறு</சீர்> <சீர்>தலை</சீர்></அடி>

இரு சீர்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி எந்தச் சீருக்குள்ளும் இல்லை. அடிக்குள் தனியே நிற்கிறது. கோப்பை அழகாக அடுக்க நாம் விடும் வெற்றிடமும் இதுவும் கணினிக்கு ஒன்றே. 'ஸ்ட்ரிப்-ஸ்பேஸ்' என்ற கட்டளையை எல்லாக் குறிகளுக்கும் கொடுத்தால் இரண்டுமே நீங்கும். 'ஆறு தலை' என்பது 'ஆறுதலை' என்றாகிவிடும்! மைக்ரோசாப்டின் எம்எஸ்எக்ஸ்எம்எல் போன்ற சில மென்பொருள்கள், நாம் தடுக்காவிட்டால், கோப்பைத் திறக்கும்போதே இத்தகைய இடைவெளியை நீக்கிவிடும்.

இதற்கு வழி உண்டு. 'பாடல்' போன்ற வெளிக்குறிகளில் மட்டும் வெற்றிடத்தை நீக்கச் சொல்ல வேண்டும். 'அடி' என்ற குறியில் 'எக்ஸ்எம்எல்:ஸ்பேஸ்' பண்புக்கு 'பிரிசர்வ்' என்ற மதிப்பைத் தந்தால், எக்ஸ்எஸ்எல்டி அங்குள்ள இடைவெளியைத் தொடாது. சீர்களை வரிக்கு ஒன்றாக எழுதியிருந்தால், பழைய வெற்றிடத்தை நீக்கிவிட்டு, 'எக்ஸ்எஸ்எல்:டெக்ஸ்ட்' கட்டளைக்குள் ஓர் இடைவெளி வைத்துச் சீர்களுக்கு இடையே சேர்ப்பது நல்லது.

'நார்மலைஸ்-ஸ்பேஸ்' என்ற செயற்கூறு பல இடைவெளிகளை ஒன்றாக்கும். ஆனால், வரி முறிவையும் வெறும் இடைவெளியாக்கிவிடும். நான்கடிப் பாடல் ஒரே வரியாகிவிடும். எனவே, அடிகளை வரி முறிவால் மட்டும் காட்டாமல் குறியிட்டுக் காட்ட வேண்டும். மேலும், எக்ஸ்எம்எல் இடைவெளியாக ஏற்பவை நான்கே: சாதாரண இடைவெளி, தத்தல், வரி முறிவின் இரு குறிகள். இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுக்கும்போது ஒட்டிக்கொண்டு வரும் 'முறியா இடைவெளி' இவற்றில் சேராது. அதைத் தனியே தேடி மாற்ற வேண்டும்.

ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கு இடையே இடம் விட்டு எழுதும் வழக்கம் இல்லை. உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் அரும்பாடுபட்டுச் சொற்களைப் பிரித்துத் தந்தார்கள். அந்த உழைப்பை ஒரு கட்டளை நொடியில் அழித்துவிடக்கூடும். சங்கப் பாடலுக்காவது வேறு பதிப்புகள் உள்ளன. தோட்டத்துப் பாட்டியின் ஒப்பாரிக்கு நம் கோப்பு ஒன்றே பதிப்பு. பாடியவர் மறைந்த பின், சொல் எங்கே முடிந்தது என்று யாரிடம் கேட்பது? ஆகவே நண்பர்களே, உருமாற்றிய கோப்பை மூலத்தோடு ஒப்பிட்டு, ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.