வயது சென்றபின் மறுபடியும் ஓட விரும்புகிறவர்களுக்கு



2025 நவம்பர் மாதத்தில், சென்னை ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் ஆசிய மூத்தோர் தடகளப் போட்டிகள் நடைபெற்றன. 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஐந்தைந்து வயதுப் பிரிவுகளாக இவற்றில் கலந்துகொள்ளுகிறார்கள். மாதவரத்திலிருந்து அந்த அரங்கம் அதிக தூரமில்லை. துறைமுகத்திலும் மணலி, எண்ணூர் ஆலைகளிலும் உழைத்து ஓய்வுபெற்ற சிலர், "பள்ளிக்கூடத்தில் நூறு மீட்டரில் முதலாவதாக வந்தவன் நான், இனி ஓடலாமா ஐயா?" என்று கேட்கிறார்கள்.

ஓடலாம். பஞ்சாபைச் சேர்ந்த மான் கௌர் அம்மையார் 93 வயதில்தான் ஓட்டப் பயிற்சியை ஆரம்பித்தார். 2017இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், தமது 101ஆம் வயதில், நூறு மீட்டரை 74 விநாடிகளில் ஓடி முடித்தார். அரியானாவின் பகவானி தேவி 2022இல் பின்லாந்தில் நடந்த உலகப் போட்டியில், 94 வயதில், அதே தூரத்தை 24.74 விநாடிகளில் ஓடித் தங்கம் பெற்றார். நீண்ட தூரத்திலும் இப்படியே. இலங்கை முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார் 2023இல் பிலிப்பைன்ஸ் நாட்டில், எழுபது வயதைக் கடந்தபின், 1,500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார்.

ஆனாலும் வேக ஓட்டத்திற்குத் திரும்புகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்கவேண்டும். நம் தசைகளில் மெதுவாய் இயங்கும் நார்களும் வேகமாய் இயங்கும் நார்களும் உண்டு. வயதாகும்போது அதிகமாய் மெலிந்து குறைகிறவை வேக நார்களே. ஆகவே முதியவரின் எட்டு சிறுத்துப்போகிறது. பாதம் தரையில் அதிக நேரம் தங்குகிறது. கால் இடறும்போது சட்டென்று மறுகாலை ஊன்றி விழாமல் காப்பவையும் இந்த நார்கள்தான். ஆகையால் அவற்றைப் பழக்குவது பதக்கத்திற்காக மட்டுமல்ல.

ஆபத்து எங்கே இருக்கிறது? பயிற்சி ஆரம்பித்த சில வாரங்களில் மூச்சு சீராகிறது. தசை பெலப்பட அதைவிட அதிக நாட்கள் ஆகின்றன. தசையை எலும்போடு இணைக்கும் நாண்கள் எல்லாவற்றிலும் தாமதமாகவே உறுதிப்படுகின்றன. மூச்சு வாங்கவில்லையே என்று ஒருவர் பழைய வேகத்தில் பாய்ந்தால், பின்தொடைத் தசை கிழியலாம்; குதிகாலின்மேல் உள்ள நாண் அறுந்துபோகலாம். "நரம்பு அறுந்துவிட்டது" என்று நம் ஜனங்கள் பல சமயங்களில் சொல்வது இதைத்தான். பின்பு பல மாதங்கள் வேலைக்குப் போக முடியாது. கூலி வாங்கும் குடும்பத்தில் அது எத்தனை பெரிய இழப்பு என்று நாம் அறிவோம்.

ஆகையால், முதலாவது மருத்துவரிடம் இரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயம் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். முதல் இரண்டு மூன்று மாதங்கள் வேக நடையும் மெல்லோட்டமும் போதும். அதோடு படியில் நின்று குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவதும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவதும் தசைக்கும் நாணுக்கும் உறுதி தரும். அதன்பின் முப்பது நாற்பது மீட்டர் மட்டும், முழு வேகமில்லாமல், வாரத்தில் இரண்டு நாள் ஓடலாம். நடுவில் ஓய்வு நாட்கள் வேண்டும். கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையோரம் வேண்டாம். பள்ளி மைதானத்து மண்தரை நல்லது. நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு வாருங்கள்.

மருந்தைப்பற்றி ஒரு வார்த்தை. சிறுநீர்த் தொற்று போன்றவற்றிற்குக் கொடுக்கப்படும் சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை மாத்திரைகள், முக்கியமாக 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, நாண் அறுந்துபோகும் அபாயத்தை அதிகப்படுத்தும். ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தால் அபாயம் இன்னும் கூடும். சாப்பிட்டு முடித்துச் சில மாதங்கள் வரையிலும் இந்த அபாயம் இருக்கக்கூடும். ஆகவே ஓடுகிறவர் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூத்தோர் போட்டிகளில் குனிந்து தொடங்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. நின்றபடியே ஓட்டத்தைத் தொடங்கலாம். ஆகவே முதுகுவலி உள்ளவர்கள் அதற்காகப் பின்வாங்க வேண்டியதில்லை.

சபை விளையாட்டு நாளில் "பெரியவர்களுக்கான நூறு மீட்டர்" என்று ஒலிபெருக்கியில் அழைப்பது வழக்கம். வருஷம் முழுவதும் ஓடாமல், அந்த ஒரு நாள் மட்டும் வேட்டியை மடித்துக்கட்டிப் பாய்கிறவருக்கே காயம் எளிதில் வரும். இதை நடத்துகிறவர்கள் மூன்று மாதங்களுக்கு முன்பே அறிவித்து, பயிற்சி செய்தவர்களை ஓடவும் மற்றவர்களை நடக்கவும் அழைப்பார்களானால், அன்று மாலை எல்லாரும் தங்கள் சொந்தக் காலில் வீடு திரும்புவார்கள்.