பொது மண்டபமும் கம்பியில்லா இணையமும்

பலர் கூடியிருந்து கற்கும் வாசிப்பு மண்டபமொன்றை மனத்திற் கொள்வோம். காலை எட்டு மணிக்கு அங்கு வந்தமரும் மாணவன் இணையத்தில் வேண்டிய கட்டுரையை உடனே பெறுகின்றான். பதினொரு மணிக்கு இருக்கைகள் நிறைந்த பின்னர், அதே இடத்தில், அதே கருவியில், முதற் பக்கந்தானும் திறப்பதில்லை. திரையிலோ அலையின் வலுவைக் காட்டும் கோடுகள் யாவும் முழுமையாகவே உள்ளன. வலு குறையாதிருக்கப் பயன் குறைந்தது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது வசதி பற்றிய வினா மட்டுமன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது விரிவுரைகள் இணையத்திற்கு மாறின. பேராதனையைத் தலைமையிடமாகக் கொண்ட இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பாகிய ‘லேர்ன்’ அதற்கு வழி செய்தது. கற்றல் இணையத்தோடு பிணைந்துவிட்ட இந்நாளில், வீட்டில் இணைய வசதி இல்லாத மாணவனுக்குப் பொது மண்டபமே வாயிலாகும். அவ்வாயில் அடைபடின் முதலிற் பாதிப்புறுபவன் அவனே.

விடைக்கு முன்னோடியான வரலாறு ஒன்றுண்டு. 1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏபிரம்சன் தலைமையிலான குழுவினர், தீவுகளிற் பரந்திருந்த நிலையங்களை வானொலி அலைகளால் ஒரு கணினியோடு இணைத்தனர். ‘அலோகா’ எனப்பட்ட அவ்வமைப்பில், செய்தி உள்ளவர் வேண்டியபோது அதனை அனுப்பலாம். இருவர் ஒரே வேளையில் அனுப்பின் செய்திகள் மோதிச் சிதையும்; பின்னர் மீண்டும் அனுப்புதல் வேண்டும். இம்முறையில் அலைத்தடத்தின் கொள்ளளவில் ஏறத்தாழ 18 சதவீதத்திற்கு மேற் பயன்படாது என்பது கணிதத்தாற் பெறப்பட்டது. அலையின் வலுவன்று, மோதலே அங்கு எல்லை வகுத்தது.

1997ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு, இன்று வைஃபை என வழங்கும் முறை ஓரொழுங்கைச் சேர்த்தது: ஒவ்வொரு கருவியும் முதலிற் செவிமடுத்து, பிறர் அனுப்பாத வேளையிலேயே தான் அனுப்புதல் வேண்டும். எனினும் மண்டபத்தின் இரு கோடிகளில் இருப்போர் ஒருவரையொருவர் கேளாதிருத்தல் கூடும். அப்போது மோதல் நிகழ்கின்றது. மோதல் நிகழாவிடினும் காத்திருத்தல் உண்டு. குளத்து நீரை முறைவைத்துப் பாய்ச்சும் வயல்களைப் போன்றதே இந்நிலை. வாய்க்கால் ஒன்று, வயல்கள் பல. மிகப் புதிய கருவிகள் ஒரு தடத்தைக் கூறுகளாக்கிப் பலருக்கு ஒருங்கே வழங்க வல்லன; ஆயினும் குளத்து நீர் அதனாற் பெருகிவிடுவதில்லை.

முறை நீளுதற்குக் காரணம் ஆள்தொகை மட்டுமன்று. செக்கனுக்கு 54 மெகாபிற் வேகத்தில் அனுப்பும் கருவி ஓரலகு நேரத்தில் முடிப்பதை, 6 மெகாபிற் வேகத்தில் அனுப்பும் கருவி முடிக்க ஒன்பது அலகு நேரம் வேண்டும். தூரத்தாலும் சுவராலும் வேகங் குன்றிய ஒருவர் ஏனையோரின் நேரத்தையும் தம்மையறியாமல் உண்கின்றார். 1950களில் எழுந்த பேராதனைக் கட்டடங்களைப் போன்று தடித்த சுவர்களை உடைய இடங்களில் இது கருதத்தக்கது. 2.4 கிகாஹேட்ஸ் மீடிறனுடைய அலை, நீளம் 12.5 சென்ரிமீற்றர் கொண்டது. சுவரை ஓரளவு ஊடுருவும். 5 கிகாஹேட்ஸ் அலை அதிலும் விரைந்து நலியும். ஆனால் அங்குத் தடங்கள் பல. முன்னையதில் ஒன்றோடொன்று கலவாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே.

குறை கண்டவுடன் வலுமிக்க பெட்டியொன்றை வாங்கி வைப்பது வழக்கம். இது பயன் தருவதரிது. பெட்டியின் குரலைக் கைத்தொலைபேசி கேட்கலாம். தொலைபேசியின் மெல்லிய குரலைப் பெட்டி கேட்க வேண்டுமே! திரையிலுள்ள கோடுகள் முன்னதை மட்டுமே காட்டுவன.

ஆதலின் செய்யத்தக்கவை வருமாறு. முதலாவது, தேவையைக் கணக்கிடல். அறுபது பேர் ஒருங்கே ஒளிப்படத்துடன் விரிவுரை கேட்பின், ஒருவருக்கு 2 மெகாபிற் வீதம் 120 மெகாபிற் வேண்டும். வெளியிணைப்பு அதனைத் தாங்காவிடின் உள்ளே செய்வன யாவும் வீணாம். இரண்டாவது, ஒரு பெரும் பெட்டிக்கு மாறாக, குறைந்த வலுவுடைய பல பெட்டிகளை அமைத்து, ஒவ்வொன்றையும் கம்பியால் மூலத்தோடு இணைத்தல். மூன்றாவது, அண்மையிலுள்ள பெட்டிகளுக்கு வெவ்வேறு தடங்களை வகுத்தல். நான்காவது, இடம்பெயராத மேசைக் கணினிகளுக்குக் கம்பியையே வழங்கி, அலைவெளியைப் பிறருக்கு விடுத்தல். ஐந்தாவது, மின்கலச் சேமிப்பு. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டை நாம் கண்டோம். வலையமைப்புக் கம்பி வழியே மின்னையும் பெறும் பெட்டிகளாயின், ஓரிடத்து மின்கலமே அனைத்தையும் இயக்கும்.

யார் பயன்படுத்துகின்றார் என்பதும் ஒழுங்கின் ஒரு கூறாகும். அனைவருக்கும் ஒரே கடவுச்சொல் எனின் அது நாளடைவில் ஊரறிந்ததாகும். ஐரோப்பாவில் உருவாகி, லேர்ன் வழி இலங்கைக்கும் வந்த ‘எடுரோம்’ முறையில் ஒவ்வொருவரும் தத்தம் நிறுவன அடையாளத்தாலேயே நுழைவர். பேராதனை மாணவர், அம்முறையிற் சேர்ந்த பிற பல்கலைக்கழகத்திலும் அதே அடையாளத்தோடு இணையலாம்.

இறுதியாக, அமைத்ததைச் சோதித்தல் வேண்டும். வெறுமையான மண்டபத்திற் செய்யும் சோதனை எதனையும் உணர்த்தாது. இருக்கைகள் நிறைந்த வேளையில், கடைக்கோடியில் இருப்பவரின் கருவியிற் சோதிப்பதே சோதனை. பொதுப் பொருளின் நிறைவு முதல்வரிசையாற் கணிக்கப்படுவதன்று. கடைக்கோடிக்கும் அது எட்டுகின்றதா என்பதாலேயே கணிக்கப்படும்.