மனைவி கை நீட்டாவிட்டால்? யூதச் சட்டத்தில் விவாகரத்து

தமிழ் பைபிள் படித்தவர்களுக்குத் 'தள்ளுதற்சீட்டு' என்ற சொல் பழக்கமாக இருக்கும். மனைவியை விலக்குகிறவன் அதை எழுதி அவள் கையில் கொடுக்க வேண்டும் என்பது உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் வருகிறது. பிற்கால யூதச் சட்டத்தில் அந்தச் சீட்டுக்குப் பெயர் 'கெட்'. யூத முறையில் மனைவியின் சம்மதத்துக்கு இடமே இல்லை என்றுதான் நானும் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான் சரி.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் அப்படித்தான் இருக்கிறது. கணவன் மனதார விலக்க வேண்டும். அவளுக்கு இஷ்டமா இல்லையா என்பது கணக்கில் வராது. அவள் தன் வீட்டு முற்றத்தில் இருக்கும்போது கெட்டை உள்ளே வீசி எறிந்தால்கூடச் செல்லும்! சமையல் கருகினால்கூட விலக்கலாம் என்றது ஹில்லேலின் பள்ளி.

அன்றைக்கு அவளுக்கு இருந்த ஒரே தடுப்பு பணம். 'கெதுபா' என்ற திருமண ஒப்பந்தப்படி, முதல் கல்யாணம் என்றால் குறைந்தது 200 ஸூஸ் வெள்ளிக்காசு கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். கையில் 200 ஸூஸ் இருப்பவர் ஏழைகளுக்கான தானியப் பங்கை எடுக்கக்கூடாது என்று அதே மிஷ்னா சொல்வதை வைத்துப் பார்த்தால், சின்னத் தொகை இல்லை. ஆனால் பணக்காரனை இது என்ன செய்யும்?

கி.பி. 1000 வாக்கில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் இருந்த ரப்பி கெர்ஷோம் பெயரில் இரண்டு தடைகள் வந்தன. ஒன்று, இன்னொரு மனைவி கட்டக்கூடாது. இரண்டு, மனைவி சம்மதம் இல்லாமல் விலக்கக்கூடாது. மீறினால் ஊர்விலக்கு. முதல் தடை மட்டும் இருந்திருந்தால், புதுப்பெண் வேண்டும் என்பவன் பழையவளைத் துரத்திவிட்டுப் போயிருப்பான். அதனால் இரண்டு கதவையும் சேர்த்தே அடைக்க வேண்டியிருந்தது. (பழைய கோடைத் தொடாமல் மேலே பேட்ச் போடுகிற வேலை. நமக்குத் தெரியாததா!)

இன்று சடங்கிலேயே இதைப் பார்க்கலாம். பன்னிரண்டு வரியில் கெட்டை எழுத்தர் கையால் எழுதுகிறார், இரண்டு சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். அவள் இரண்டு உள்ளங்கையையும் விரித்து நிற்கிறாள், கணவன் அதில் போடுகிறான். அவள் அதை எடுத்துக்கொண்டு சில அடி நடக்கிறாள். கை நீட்ட மாட்டேன் என்றால் அங்கேயே நின்றுவிடும்.

அப்போ ரெண்டு பேரும் சமம்தானே? இங்கேதான் எனக்கு இடித்தது. மனைவி நியாயமில்லாமல் மறுத்தால் கணவனுக்கு ஒரு பின்வாசல் உண்டு. மூன்று தேசங்களைச் சேர்ந்த நூறு ரப்பிகள் கையெழுத்திட்டால், கெட்டை அவளுக்காக நீதிமன்றத்தில் ஒப்படைத்துவிட்டு அவன் மறுமணம் செய்யலாம். கெர்ஷோமின் தடை ரப்பிகள் போட்டது, ரப்பிகளே தளர்த்தலாம். ஆனால் கெட்டைக் கணவன்தான் மனதாரக் கொடுக்க வேண்டும் என்பது வேதத்திலிருந்து வருவதாகக் கருதப்படுகிறது. அதை ஆயிரம் ரப்பிகள் கூடினாலும் அசைக்க முடியாது. அவன் மறுத்தால் அவள் 'அகுனா', கட்டுண்டவள். அந்த நிலையில் வேறொரு யூதனுக்கு அவள் பெறும் குழந்தை 'மம்ஸேர்'. சாதாரண யூதக் குடும்பத்தில் அதற்குக் கல்யாணமே நடக்காது. அவனுக்கு வெளியே பிறக்கும் குழந்தைக்கு, தாய் மணமாகாதவள் என்றால், அந்தக் கறை கிடையாது.

மைமோனிடஸ் 12ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு வழி சொன்னார்: நீதிமன்றம் கட்டளையிட்டும் மறுக்கிறவனை, 'சம்மதம்' என்று சொல்லும்வரை அடிக்கலாம். நல்ல யூதனின் உள்மனம் சட்டத்துக்குக் கீழ்ப்படியவே விரும்புமாம், அடி வெறும் முரண்டைத்தான் போக்குமாம். எனக்கு இந்த வாதம் ஒட்டவில்லை. அவளுக்கு வேறு வழி இல்லாத இடத்தில் பிறந்த வாதம் என்பது மட்டும் புரிகிறது.

இஸ்ரேலில் இப்போது அடிக்குப் பதில் சிறை. ஏமனில் பிறந்த ஒருவரை 1962இல் உள்ளே போட்டார்கள். கெட் கொடுத்தால் அன்றே வெளியே வந்திருக்கலாம். கொடுக்கவில்லை. 32 வருஷம் கழித்து, 1994இல், சிறைவாசத்திலேயே இறந்துபோனார்.