பேச்சுக்கு நிற்கும் கால்கள்

முதுமையைப் படிப்போம் – 11

1997-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. ஸ்வீடனின் வடபகுதியில் உள்ள உமியோ நகரத்து ஆய்வாளர்கள் எழுதியது. முதியோர் குடியிருப்பில் வசிக்கும், நடமாட்டம் உள்ள 58 பேருடன் கூடவே நடந்தார்கள். நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். ஆய்வு அவ்வளவுதான். எந்தக் கருவியும் கிடையாது. 46 பேர் நடந்தபடியே பதில் சொன்னார்கள். 12 பேர் நின்றுவிட்டார்கள். நின்று, பதில் சொல்லி முடித்த பிறகே அடுத்த அடி எடுத்து வைத்தார்கள். அடுத்த ஆறு மாதத்துக்குள் அந்த 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தார்கள்.

முதுமை பற்றி நான் படித்தவற்றில் இத்தனை எளிய ஆய்வு, இத்தனை ஆழமாக யோசிக்க வைத்தது வேறில்லை.

நடப்பதைக் கால் சம்பந்தப்பட்ட விஷயமாகவே நாம் நினைக்கிறோம். அப்பா தளர்ந்து நடந்தால் முழங்காலைப் பார்க்கிறோம், தைலம் வாங்குகிறோம். உண்மையில் ஒவ்வொரு அடியிலும் கண், உள்காது, பாத நரம்பு, தொடைத் தசை, இதயம், நுரையீரல் எல்லாம் வேலை செய்கின்றன. இவை அனைத்தையும் ஒருங்கிணைப்பது மூளை. நடுவயதில் இதெல்லாம் நமக்குத் தெரியாமலே நடந்துவிடும். வயதாகி, பார்வை மங்கி, பாதம் மரத்து, தசை குறையும்போது, தானாக நடந்த நடையைக் கவனித்து நடக்க வேண்டி வருகிறது. கவனிப்பது மூளையின் முன்பகுதியின் வேலை. கேள்வியைப் புரிந்து பதில் யோசிப்பதற்கும் அதே முன்பகுதிதான் வேண்டும். இரண்டுக்கும் போதாதபோது ஒன்று நின்றுவிடுகிறது. அந்த 12 பேருக்கும் நின்றது கால்.

பல வருடம் கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மூளையின் ஆழத்திலிருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்களைச் சிதைக்கின்றன. மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் வெண்பொருள் நரம்பிழைகள் அங்கேதான் ஓடுகின்றன. பக்கவாதம் போல ஒரே நாளில் தெரிகிற சேதம் அல்ல இது. பெயர் ஞாபகம் வரத் தாமதமாகும், கணக்குப் போட நேரமாகும், நடையும் மெதுவாகும். மூன்றையும் வீட்டில் தனித்தனியாகப் பார்க்கிறோம்.

நியூயார்க்கில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் ஜோ வர்கீஸ், 2013-ல் இவற்றைச் சேர்த்துப் பார்த்தார். மறதி அதிகமாகிறது என்று தாங்களே உணர்ந்து சொல்பவர்கள், வயதுக்குரிய வேகத்தைவிட மிக மெதுவாகவும் நடந்தால், மறதிநோய் வரும் ஆபத்து அவர்களுக்குப் பல மடங்கு கூடுதல் என்று கண்டார். ஆபத்தில் இருப்பவரை அடையாளம் காண ஸ்கேன் தேவைப்படவில்லை. இரண்டு கேள்வியும் ஒரு கடிகாரமும் போதும். பெரிய மருத்துவமனை பக்கத்தில் இல்லாத ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! அவருடைய ஆய்வின் ஒரு கிளை நமக்கு அருகே கோழிக்கோட்டிலேயே நடந்திருக்கிறது.

வீட்டிலும் அளக்கலாம். ஹாலிலோ மொட்டைமாடியிலோ டேப் வைத்து 4 மீட்டர், அதாவது 13 அடிக்குச் சற்றுக் கூடுதலாக அளந்து, இரண்டு முனையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு இரண்டு எட்டு முன்னாலேயே நடக்கத் தொடங்கட்டும். கடைசிக் கோட்டைத் தாண்டியும் இரண்டு எட்டு போகட்டும். வேட்டியோ புடவையோ, வீட்டில் வழக்கமாக உடுத்துவதே போதும். கைத்தடி வைத்திருப்பவர் தடியோடுதான் நடக்க வேண்டும். "வேகமா நடங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கடைக்குப் போகிற மாதிரி இயல்பாக நடக்க வேண்டும். முதல் கோட்டை மிதிக்கும்போது செல்போன் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள், அடுத்த கோட்டில் நிறுத்துங்கள். 4 விநாடி ஆனால் விநாடிக்கு 1 மீட்டர். 5 விநாடி ஆனால் 0.8 மீட்டர்.

இந்த எண்களுக்குப் பின்னால் பெரிய வேலை இருக்கிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி ஸ்டுடென்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் 65 வயது கடந்த 34,485 பேரின் தகவல்களைத் தொகுத்து 2011-ல் வெளியிட்டார்கள். வயதும் பாலினமும் ஒன்றாக இருந்தாலும், வேகமாக நடப்பவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். 0.8 மீட்டர் வேகம் சராசரி ஆயுளைக் காட்டியது. 1 மீட்டருக்கு மேல் போனவர்கள் சராசரியைத் தாண்டி வாழ்ந்தார்கள். இது கூட்டத்துக்குப் பொருந்தும் கணக்கு. தனி ஒருவரின் ஆயுளை 13 அடித் தரையில் படித்துவிட முடியாது. மூட்டு தேய்ந்து மெதுவாக நடக்கும் 80 வயதுப் பாட்டியின் மூளை மிகக் கூர்மையாக இருக்கலாம்.

அதனால் ஒருமுறை அளந்த எண்ணைவிட, அது எப்படி மாறுகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில், அதே செருப்போடு அளந்து எழுதி வையுங்கள். 4 விநாடியில் கடந்தவர் ஒரே வருடத்தில் நாலரை விநாடி எடுத்தால், விநாடிக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். முதியோர் மருத்துவத்தில் இது பொருட்படுத்த வேண்டிய மாற்றம்.

நம் வீடுகளில் அப்போது என்ன சொல்கிறோம்? "வயசாயிடுச்சு, அதான்." இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனையோ பேர் வைத்தியம் கிடைக்காமல் போயிருக்கிறார்கள். நடை தளர்வதற்கு வயதைத் தவிரவும் காரணங்கள் உண்டு, அவற்றில் பல சரிசெய்யக் கூடியவை. பி12 வைட்டமின் குறைவு பாத நரம்பையும் நினைவையும் சேர்த்தே கெடுக்கும். தைராய்டு குறைவு, ரத்தசோகை, கண்புரை, தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைகள், இவை எல்லாமே நடையைத் தளர்த்தும். மனச்சோர்வும் அப்படித்தான்: துணையை இழந்தவர் சில மாதங்களில் மெதுவாக நடக்கத் தொடங்கினால், கால் வலியா என்று மட்டும் கேட்டு விட்டுவிடக் கூடாது.

ஒரு நோயை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது போல, தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து, கால்களைச் சற்று அகட்டி நடப்பார். பின்னாலேயே மறதி வரும். சிறுநீரை அடக்க முடியாமல் போகும். மூன்றும் சேர்ந்தால் குடும்பம் நம்பிக்கை இழந்துவிடும். மூளையின் அறைகளில் நீர் தேங்கி, அறைகள் விரிவதால் வருவது இது. கொலம்பியாவின் பொகோட்டாவில் நரம்பியல் அறுவை மருத்துவராக இருந்த சலமோன் ஹக்கீம், 1965-ல் இதை உலகுக்கு விளக்கினார். நார்மல் பிரஷர் ஹைட்ரோகெஃபாலஸ் என்று பெயர். முதலில் நோயாளியை நடக்கவிட்டு நேரம் குறிப்பார்கள். பிறகு முதுகில் ஊசி போட்டு 30 முதல் 50 மி.லி. நீரை எடுப்பார்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி நடக்கவிட்டு நேரம் பார்ப்பார்கள். நடை சட்டென்று தேறினால், தேங்கும் நீரைக் குழாய் வைத்து வயிற்றுக்குத் திருப்பிவிடும் அறுவை சிகிச்சை பலன் தரும் வாய்ப்பு அதிகம். படுத்த படுக்கை என்று நினைத்தவர் எழுந்து நடப்பதும் உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் அது நடக்கும்.

எந்த நோயும் இல்லை, தளர்ச்சி மட்டும்தான் என்றாலும் செய்வதற்கு இருக்கிறது. அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரை வைத்து நடந்த 'லைஃப்' ஆய்வின் முடிவு 2014-ல் வந்தது. உடலுழைப்பு இல்லாதவர்கள், ஏற்கெனவே தளர்ந்தவர்கள். ஒரு பாதிப் பேருக்கு நடையும், கால் வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளும். மறுபாதிப் பேருக்கு உடல்நல வகுப்புகள். சுமார் இரண்டரை வருடத்தில், 400 மீட்டர் நடக்க முடியாமல் போகும் ஆபத்து பயிற்சி செய்தவர்களிடம் 18 சதவீதம் குறைந்திருந்தது. அதே ஆய்வில் நினைவாற்றலையும் சோதித்தார்கள். இரண்டு வருட முடிவில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வாக்கிங் போனால் மறதிநோய் வராது என்று யாராவது உறுதி சொன்னால் நம்பிவிடாதீர்கள். நடைக்காகவே நடப்பதற்குப் போதுமான காரணம் இருக்கிறது: தன் வேலையைத் தானே செய்துகொள்வது சின்ன விஷயமா?

இதற்கு முதல் தடை பல நேரங்களில் நம் அன்புதான். "நீங்க உட்காருங்கம்மா, நான் எடுத்துட்டு வரேன்" என்று தண்ணீர் தம்ளர் வரை கொண்டுவந்து கொடுக்கிறோம். ஒருமுறை விழுந்தவரை வாசல்படி தாண்ட விடுவதில்லை. உட்கார்ந்தே இருக்கும் கால்களின் தசை மளமளவென்று கரையும். அடுத்த விழுகை இன்னும் நெருங்கி வரும். அம்மாவே எழுந்து போகட்டும், நீங்கள் பக்கத்தில் நடந்தால் போதும். பேசினால் நிற்கிறார் என்றால், தெருவைக் கடக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். உடைந்த நடைபாதையும் எதிரே ஏறிவரும் ஸ்கூட்டரும் ஏற்கெனவே அவர் கவனத்தை முழுசாகக் கேட்கின்றன.

முதியோருக்கென்று தனி மருத்துவம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978-லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. எங்கே காட்டினாலும், தேதியும் விநாடியும் எழுதிய தாளையும், சாப்பிடுகிற அத்தனை மாத்திரை அட்டைகளையும், வழக்கமாகப் போடும் செருப்பையும் எடுத்துப் போங்கள். மருத்துவர் நாற்காலியில் உட்காரவைத்தே பார்த்து முடித்தால், "ஒரு தடவை நடக்க வச்சுப் பாருங்க டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள்.

(தொடரும்)