முதல் சொல் யாருடையது?

தாம்பரம் மாநகராட்சியின் முதல் தேர்தலில், 2022 பிப்ரவரி 19 அன்று, பல்லாவரத்தில் நாமும் வரிசையில் நின்று வாக்களித்தோம். யாரை நிறுத்தலாம் என்று அதற்கு முன் நம் தெருவில் யாரும் கேட்கவில்லை. மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மேயரைத் தேர்ந்தெடுத்தவர்களோ கவுன்சிலர்கள்.

யாரை நிறுத்தலாம் என்ற கேள்வி ஒரு காலத்தில் நம் மக்களிடம் கேட்கப்பட்டது. 1932 செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம், மாகாண சட்டமன்றங்களில் 148 இடங்களை நமக்கு ஒதுக்கியது. அதில் சென்னை மாகாணத்துக்கு 30. ஒவ்வோர் இடத்துக்கும் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் முதலில் வாக்களித்து நால்வரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதுவே முதல்நிலைத் தேர்தல். அந்த நால்வரில் ஒருவரைப் பிறகு எல்லாச் சாதி வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். அம்பேத்கருடன் இரட்டைமலை சீனிவாசனும், நமக்குப் பக்கத்துப் பரங்கிமலையில் பிறந்த எம்.சி.ராஜாவும் அதில் கையெழுத்திட்டார்கள்.

அந்த முறையிலும் குறை இருந்தது. சொத்தும் வரியும் படிப்பும் இல்லாத ஏழைகளுக்கு அன்று வாக்கே இல்லை. நம் மக்கள் முதலிடம் தந்தவர் இறுதிச் சுற்றில் தோற்கவும் நேர்ந்தது. அரசமைப்புச் சட்டம் எல்லோருக்கும் வாக்குரிமை தந்தது. ஆனால் முதல்நிலைத் தேர்தல் அதில் இடம்பெறவில்லை.

இன்று தனித்தொகுதிக்கும் வேட்பாளரை அறிவிப்பது கட்சித் தலைமைதான். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் மாணவர்கள் ஒன்று கேட்கலாம்: “பெயரை அறிவிக்கும் முன் எங்கள் தெருவில் ஒரு கூட்டம் போட்டீர்களா?” ஓட்டு கடைசிச் சொல். முதல் சொல்லிலும் நமக்குப் பங்கு வேண்டும்.